மைக்ரோவேவ் வேண்டாம், கார் பேட்டரி போதும்! வீட்டிலேயே ஸ்பாட் வெல்டர் செய்வது எப்படி?

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்தால், பென்சில் பேட்டரியைவிடக் கொஞ்சம் குண்டாக ஆறு செல்கள் உள்ளே வரிசையாக இருக்கும். பெரும்பாலும் அதில் ஒன்றிரண்டுதான் செத்திருக்கும். மற்றவை இன்னும் உயிரோடு இருக்கும். 'இதை வெச்சு எமர்ஜென்சி லைட்டுக்கு ஒரு பேக் போடலாமே, ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு உயிர் கொடுக்கலாமே'னு தோணுறது இயல்புதான். யூடியூபைத் திறந்தால் பத்து நிமிஷத்தில் பேக் செய்து காட்டும் வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

அந்த வீடியோக்களில் கண்சிமிட்டும் நேரத்தில் கடந்துபோகிற ஒரு காட்சி உண்டு. இரண்டு செம்பு முனைகளை நிக்கல் பட்டையில் வைத்து அழுத்துவார்கள். 'டிக்'னு ஒரு சத்தம், சின்னதா ரெண்டு புள்ளி. அவ்ளோதான், பட்டை செல்லோடு ஒட்டிக்கொள்ளும். அந்த 'டிக்' சரியாக விழுந்ததா இல்லையா என்பதில்தான் உங்கள் பேக்கின் ஆயுளும், அதைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும் வீட்டின் பாதுகாப்பும் இருக்கின்றன.

அந்த டிக்கைப் போடும் கருவிதான் ஸ்பாட் வெல்டர். அதை வீட்டிலேயே செய்ய முடியுமா? முடியும். எந்த வழியில் செய்யலாம், எந்த வழியில் செய்யவே கூடாது, வெல்டு சரியா விழுந்ததானு எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், பேக்குக்குள் என்ன இருக்கு?

லேப்டாப், பவர் டூல், எலெக்ட்ரிக் சைக்கிள் எனப் பலவற்றிலும் இருப்பது 18650 வகை லித்தியம் அயான் செல். பெயரிலேயே அளவு இருக்கு: 18 மி.மீ விட்டம், 65 மி.மீ நீளம். ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6 அல்லது 3.7. முழு சார்ஜில் 4.2 வோல்ட்.

வோல்டேஜை ஏற்ற செல்களை சீரிஸில் இணைப்பார்கள். நேரம் அதிகம் நிற்க பேரலலில் இணைப்பார்கள். 36 வோல்ட் சைக்கிள் பேக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 10 சீரிஸ், 4 பேரலல். மொத்தம் 40 செல். ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு முனை, முனைக்கு நான்கு புள்ளி எனக் கணக்குப் போட்டால் 320 வெல்டு புள்ளிகள். அத்தனையும் ஒரே தரத்தில் விழ வேண்டும். கைப்பக்குவத்தை மட்டும் நம்பி இதைச் செய்ய முடியாது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு கரன்டை, ஒரே அளவு நேரத்துக்குக் கொடுக்கும் கருவி வேண்டும்.

சால்டரிங் அயர்ன் வெச்சு ஒட்டிடலாமே?

எல்லோருக்கும் வரும் முதல் கேள்வி இது. ஒட்டலாம், ஒட்டவும் செய்யும். பிரச்னை செல்லுக்கு உள்ளே.

சால்டரிங் அயர்னின் முனை சுமார் 350 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும். செல்லின் உடம்பு முழுக்க உலோகம் என்பதால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈயம் உருகிப் பிடிக்கணும்னா பல விநாடிகள் வைத்திருக்க வேண்டும். செல்லுக்குள் பிளஸ் பக்கத்தையும் மைனஸ் பக்கத்தையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், செப்பரேட்டர் என்பார்கள். பாலிஎதிலீன், பாலிப்ரொப்பிலீனில் செய்யப்படும் இந்தத் தாள் 130 முதல் 165 டிகிரிக்குள் உருகிவிடும். பிளஸ் முனையில் இருக்கும் ரப்பர் போன்ற சீலும் சூட்டைத் தாங்காது.

இதில் மோசமான விஷயம், கெட்டுப்போனது வெளியே தெரியாது. மல்டிமீட்டரில் வோல்டேஜ் சரியாகவே காட்டும். சில மாதங்கள் கழித்து ஒருநாள் சார்ஜ் ஏறும்போதுதான் அந்தக் காயம் வேலையைக் காட்டும்.

அப்பளம் பொரிக்கிற கணக்கு

ஸ்பாட் வெல்டிங்கும் சூட்டால்தான் ஒட்டுகிறது. நிக்கல் உருகுவதே 1,455 டிகிரியில். அப்படியானால் செல்லுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? காரணம், நேரம்.

அப்பளத்தை யோசித்துப் பாருங்க. எண்ணெய் நல்லா காய்ந்திருந்தால் ரெண்டே விநாடியில் பொரிந்துவிடும். அரைகுறைச் சூட்டில் போட்டு எவ்வளவு நேரம் வைத்தாலும் எண்ணெய் குடிச்சு சொதசொதனு ஆகுமே தவிர, பொரியாது. வெல்டிங்கும் அப்படித்தான். மிக அதிக கரன்ட், மிகக் குறைந்த நேரம். பட்டையும் செல்லும் தொடும் இடம் உருகிப் பிடித்துவிடும். சூடு உள்ளே பரவுவதற்குள் வேலை முடிந்திருக்கும்.

உருவாகும் சூடு என்பது, கரன்டின் இருமடி பெருக்கல் ரெசிஸ்டன்ஸ் பெருக்கல் நேரம். பள்ளிக்கூடத்தில் படித்த ஜூல் விதிதான். நேரத்தை இரட்டிப்பாக்கினால் சூடு இரட்டிப்பாகும். கரன்டை இரட்டிப்பாக்கினால் சூடு நான்கு மடங்காகும். அதனால்தான் இங்கே ஆம்ப்ஸ் நூற்றுக்கணக்கில் பேசப்படுகிறது. இந்தத் தத்துவத்தில் வெல்டிங் செய்யும் முறைக்கு எலிஹு தாம்சன் 1886-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பின்னாளில் ஜெனரல் எலெக்ட்ரிக் உருவானபோது அதில் இணைந்த இரு நிறுவனங்களில் ஒன்று இவர் பெயரில் இருந்ததுதான். கார் பாடி முதல் எவர்சில்வர் பாத்திரக் கைப்பிடி வரை இன்றும் இதே முறைதான்.

0.15 மி.மீ கனமுள்ள நிக்கல் பட்டைக்கு ஒரு வெல்டுக்குத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 50 ஜூல். 10 வாட்ஸ் எல்.இ.டி பல்ப் 5 விநாடி எரிந்தால் செலவாகும் ஆற்றல் அது. கேட்க ரொம்பக் கம்மியா இருக்கா? அதை 10 மில்லி செகண்டில், அதாவது விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் கொடுக்கணும். அந்தக் கணத்தில் மட்டும் அது 5,000 வாட்ஸ். வீட்டில் இரண்டு கெய்ஸர் ஒரே நேரத்தில் ஓடுவதற்குச் சமம்.

கரன்ட் எங்கிருந்து வரும்? மூன்று வழிகள்

*1. மைக்ரோவேவ் டிரான்ஸ்ஃபார்மர் - வேண்டாம்*

இணையத்தில் அதிகம் பார்க்கப்படும் முறை இதுதான். காயலான் கடையில் பழைய மைக்ரோவேவ் வாங்கி, அதன் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுருளை வெட்டி எடுத்துவிட்டு, தடிமனான கேபிளை ஒன்றிரண்டு சுற்று சுற்றுவார்கள். இரண்டு மூன்று வோல்ட், நூற்றுக்கணக்கான ஆம்ப்ஸ் கிடைத்துவிடும். மலிவு, வலிமையும் இருக்கு. ஆனாலும் ஏன் வேண்டாம்?

அந்த டிரான்ஸ்ஃபார்மரின் அசல் வெளியீடு சுமார் 2,000 வோல்ட். பக்கத்தில் இருக்கும் கெப்பாசிட்டர், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கலாம். இந்தச் சுருளில் கை பட்டால் வீட்டு மெயின் போர்டில் உள்ள ஆர்.சி.சி.பி-யும் ட்ரிப் ஆகாது. அந்தக் கரன்ட் வீட்டு லைனுக்குத் திரும்பாமல் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுருளுக்குள்ளேயே சுற்றிவருவதால், ஆர்.சி.சி.பி-க்கு எதுவும் தெரியாது. அமெரிக்காவில் இதே டிரான்ஸ்ஃபார்மரை வைத்து மரப்பலகையில் மின்னல் கோலம் போடும் பொழுதுபோக்கில் பலர் உயிரிழந்திருக்கிறார்கள். சுருளை மாற்றிவிட்டாலும், முதல் சுருளில் 230 வோல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எலெக்ட்ரிகல் வேலையில் அனுபவம் இல்லாதவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

*2. 12 வோல்ட் கார் பேட்டரி - வீட்டுக்கு ஏற்றது*

கார் பேட்டரி செய்யப்படுவதே, சில விநாடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்ப்ஸ் கொடுத்து இன்ஜினைக் கிளப்பத்தான். நமக்குத் தேவைப்படுவதும் அதுவே. 12 வோல்ட் என்பதால் ஷாக் பயம் இல்லை. சின்ன கார்களில் வரும் 35 முதல் 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி போதும்.

லேபிளில் 'சி.சி.ஏ' என ஓர் எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரி குளிரிலும் 30 விநாடிக்கு எவ்வளவு ஆம்ப்ஸ் கொடுக்க முடியும் என்பதைச் சொல்லும் எண் அது. 300-க்கு மேல் இருந்தால் நல்லது. பைக் பேட்டரி இதற்குப் பத்தாது. வீட்டு இன்வெர்ட்டரில் இணைந்திருக்கும் பேட்டரியில் கைவைக்காதீங்க.

*3. சூப்பர் கெப்பாசிட்டர் - நல்லது, ஆனால் பொறுமை வேண்டும்*

2.7 வோல்ட், 500 ஃபாரட் கெப்பாசிட்டர் மூன்றை சீரிஸில் போட்டால் 8.1 வோல்ட் கிடைக்கும். சுமார் 5,400 ஜூல் தேங்கும். ஆசிட், கேஸ் தொல்லை இல்லை. ஆனால், மூன்றும் ஒரே அளவில் சார்ஜ் ஆக பேலன்ஸிங் போர்டு வேண்டும். வெல்டு போடப்போட வோல்டேஜ் இறங்கும் என்பதால், ஒவ்வொரு வெல்டுக்கும் இடையில் அது பழைய அளவுக்கு ஏறும்வரை காத்திருக்கணும். போலி கெப்பாசிட்டர்களும் சந்தையில் அதிகம்.

முதல் முறை செய்கிறவர்களுக்கு இரண்டாவது வழிதான் சரி. ஒரே ஒரு பேக்தான் வேணும்னா, வெல்டரே செய்ய வேண்டாம். லேப்டாப் பேட்டரி சர்வீஸ் செய்யும் கடையில் கொடுத்து வெல்டு மட்டும் போட்டு வாங்கிக்கலாம். ஆன்லைனில் கிடைக்கும் கையடக்க வெல்டர்கள் 0.1 மி.மீ பட்டைக்கு ஓரளவு சரி. கனமான பட்டையில் பெரும்பாலும் திணறும்.

என்னென்ன வேண்டும்?

பேட்டரி: மேலே சொன்ன கார் பேட்டரி, முழு சார்ஜில்.

கன்ட்ரோல் போர்டு: இதுதான் வெல்டரின் மூளை. 12 வோல்ட் பேட்டரிக்கான மாஸ்ஃபெட் ஸ்பாட் வெல்டர் போர்டு ரெடிமேடாகவே கிடைக்கிறது. ஆர்டினோ நானோ வைத்து நீங்களே டைமர் செய்யலாம். எதுவானாலும் மில்லி செகண்ட் கணக்கில் நேரத்தை மாற்றும் வசதி இருக்கணும். காரின் ஸ்டார்ட்டர் சோலனாய்டையும் ஒரு பெல் பட்டனையும் வைத்துச் செய்யும் பழைய முறையில் நேரம் உங்கள் விரலின் வேகத்தைப் பொறுத்தது. பத்து மில்லி செகண்டை எந்த விரலாலும் அளக்க முடியாது. பட்டை ஓட்டையாகும், செல்லும் ஓட்டையாகலாம்.

கேபிள்: 16 முதல் 25 சதுர மி.மீ செம்பு கேபிள். முடிந்தவரை குட்டையாக, ஒவ்வொன்றும் அரை மீட்டருக்குள். முனைகளில் லக் வைத்து க்ரிம்ப் செய்யணும். வெறும் முறுக்கிக் கட்டுற வேலை கூடாது.

எலெக்ட்ரோடு: எர்த்திங்குக்குப் போடும் 8-ம் நம்பர் செம்புக் கம்பி சுமார் 4 மி.மீ கனம் இருக்கும். இரண்டு துண்டு வெட்டி, முனையை அரத்தால் ராவி, ஒன்று ஒன்றரை மி.மீ அளவுக்கு மழுங்கலாக உருட்டிக்கொள்ளுங்க. ஊசி மாதிரி கூராக இருந்தால் பட்டையைக் குத்திக் கிழிக்கும்.

ஃப்யூஸும் கட் ஆஃப் சுவிட்சும்: கார் ஆடியோ கடைகளில் கிடைக்கும் 200 அல்லது 250 ஆம்ப்ஸ் ஸ்லோ வகை ஃப்யூஸ். மில்லி செகண்ட் வெல்டை இது தாங்கும். தொடர்ந்து கரன்ட் ஓடினால் எரிந்து காப்பாற்றும். கூடவே கார் பேட்டரிக்கான கட் ஆஃப் சுவிட்ச் ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில்.

ஃபுட் சுவிட்ச்: இரண்டு கையும் எலெக்ட்ரோடில் இருக்கும் என்பதால் காலால் அழுத்தும் சுவிட்ச் அவசியம்.

கேபிள் ஏன் குட்டையாக இருக்கணும்? மாஸ்ஃபெட் ஏன் எரியுது?

வீட்டில் செய்த வெல்டர்கள் பெரும்பாலும் சாவது மாஸ்ஃபெட்டில்தான். காரணங்கள் மூன்று.

ஒன்று, கேபிளின் நீளம். 1,000 ஆம்ப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென நிறுத்தினால், கேபிளில் இருக்கும் காந்த ஆற்றல் ஒரு வோல்டேஜ் குத்தாக மாறி மாஸ்ஃபெட்டைத் தாக்கும். ஓடும் பஸ்ஸில் சடன் பிரேக் அடித்தால் நிற்பவர்கள் முன்னால் போய் விழுகிற மாதிரி. கேபிளைக் குட்டையாக, பிளஸ் மைனஸ் இரண்டையும் ஒட்டினாற்போல ஓட்டினால் இந்தக் குத்து குறையும். போர்டில் ஃப்ரீவீலிங் டையோடும் டி.வி.எஸ் டையோடும் இருக்கானு பார்த்து வாங்குங்க.

இரண்டு, கேட் வோல்டேஜ். வெல்டு விழும் நேரத்தில் 12 வோல்ட் பேட்டரியே ஏழு எட்டு வோல்ட்டுக்குச் சரியலாம். அதே பேட்டரியிலிருந்து கேட்டுக்கும் சப்ளை எடுத்தால், மாஸ்ஃபெட் முழுசாகத் திறக்காமல் பாதியில் நின்று சூடேறி வெடிக்கும். நல்ல போர்டுகளில், ஒரு டையோடும் கெப்பாசிட்டரும் சேர்ந்து கேட்டுக்கான வோல்டேஜைத் தனியாகப் பிடித்து வைத்திருக்கும்.

மூன்று, எண்ணிக்கை. ஒரே மாஸ்ஃபெட்டால் இவ்வளவு கரன்டைத் தாங்க முடியாது. பல மாஸ்ஃபெட்கள் பேரலலில், தடிமனான செம்புப் பட்டைமேல் இருக்கணும்.

முக்கியமானது இதுதான்: மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் 'ஆஃப்' ஆகிக் கெடாது, 'ஆன்' ஆகிக் கெடும். அதன்பிறகு நீங்கள் காலை எடுத்தாலும் கரன்ட் நிற்காது. கேபிள் சிவக்கும்; முனையில் இருக்கும் செல் கொதிக்கும். ஃப்யூஸும் கட் ஆஃப் சுவிட்சும் பட்டியலில் இருப்பது இதற்காகத்தான். 'அது இல்லாமலும் வேலை செய்யுதே'னு அதை மட்டும் விட்டுடாதீங்க.

இணைக்கும் வரிசை

1. கட் ஆஃப் சுவிட்சை ஆஃப் செய்யுங்க. பேட்டரி கடைசியில்தான் இணையணும்.

2. பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃப்யூஸ், அதிலிருந்து கட் ஆஃப் சுவிட்ச், அங்கிருந்து போர்டு. எந்த எலெக்ட்ரோடு எந்த முனையில் என்பதை போர்டுடன் வரும் படத்தில் பார்த்து இணையுங்க. பல போர்டுகள் மைனஸ் லைனைத்தான் துண்டித்து இணைக்கும்.

3. எல்லா போல்ட்டையும் ஸ்பானர் போட்டு இறுக்குங்க. லூஸாக இருக்கும் ஒரு லக், வெல்டுக்குப் போக வேண்டிய சூட்டைத் தானே சாப்பிட்டுவிடும்.

4. எலெக்ட்ரோடு கைப்பிடிகளுக்கு ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு, முனையில் மட்டும் செம்பு தெரிகிற மாதிரி விடுங்க.

5. எலெக்ட்ரோடுகள் ஒன்றையொன்று தொடாமல் வைத்துவிட்டு, கட் ஆஃப் சுவிட்சை ஆன் செய்யுங்க. இரண்டு முனைகளுக்கும் இடையே 12 வோல்ட் பல்ப் ஒன்றை இணைத்து, ஃபுட் சுவிட்சை அழுத்தாமல் பாருங்க. பல்ப் எரிந்தால் மாஸ்ஃபெட் ஏற்கெனவே ஷார்ட். உடனே ஆஃப் செய்து போர்டை மாற்றுங்க.

இந்த பல்ப் சோதனையை ஒவ்வொரு முறை வேலை தொடங்கும் முன்பும் செய்யுங்க. அரை நிமிஷ வேலைதான்.

பிய்ச்சுப் பார்த்தாதான் தெரியும்

நல்ல செல்லைத் தொடும் முன், பிஸ்கட் டின் மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, அதன்மேல் நிக்கல் பட்டையை வைத்துப் பழகுங்க. பிறகு முழுக்க டிஸ்சார்ஜ் ஆன ஒரு பழைய செல்.

எலெக்ட்ரோடுகளுக்கு இடையே மூன்று முதல் ஐந்து மி.மீ இடைவெளி. இரண்டையும் ஒரே அழுத்தத்தில், நேராக நிறுத்திப் பிடிக்கணும். 3 மில்லி செகண்டில் தொடங்கி, ஒவ்வொன்றாக ஏற்றுங்க. 0.15 மி.மீ பட்டைக்குப் பொதுவாக 8 முதல் 15 மில்லி செகண்டுக்குள் நல்ல வெல்டு விழும். உங்கள் பேட்டரி, கேபிளைப் பொறுத்து இது மாறும் என்பதால், யாரோ சொன்ன எண்ணை அப்படியே வைக்காதீங்க.

இப்போது கட்டிங் பிளேயரால் பட்டையைப் பிடித்து, சுருட்டிப் பிய்த்து இழுங்க. பட்டை முழுசாக, ஓட்டை இல்லாமல் கழன்று வந்தால் அது வெல்டு இல்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. பட்டை கிழிந்து, புள்ளிகள் இருந்த இடத்தில் நிக்கல் துணுக்குகள் டின்னிலேயே தங்கியிருந்தால் அதுதான் வெல்டு. பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் இந்தப் பிய்க்கும் சோதனை. தொடர்ந்து பத்து வெல்டு இப்படிக் கிழிந்து வந்த பிறகே நல்ல செல்லுக்குப் போகணும்.

சரியாக வரவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று:

தீப்பொறி பறக்குது: அழுத்தம் போதவில்லை. அல்லது பட்டையில் எண்ணெய்ப் பசை, கைரேகை. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்க.

பட்டையில் ஓட்டை: நேரம் அதிகம், அல்லது எலெக்ட்ரோடு முனை ரொம்பக் கூர்.

ஒரு புள்ளி பிடிச்சிருக்கு, இன்னொன்று பிடிக்கலை: இரண்டு கையின் அழுத்தமும் சமமில்லை. அல்லது ஒரு முனையில் கரி படிந்திருக்கிறது. உப்புத்தாளில் தேயுங்க.

எலெக்ட்ரோடு பட்டையோடு ஒட்டிக்குது: முனை தேய்ந்துவிட்டது. ராவிச் சுத்தம் செய்யுங்க. முப்பது நாற்பது வெல்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது வழக்கமாகட்டும்.

எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்கலை: கரன்ட், செல்லுக்குள் இறங்காமல் பட்டை வழியாகவே குறுக்கே ஓடிவிடுகிறது. இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே பட்டையில் ஒரு சின்னப் பிளவு வெட்டுங்க. கரன்ட் வேறு வழியின்றி செல்லின் உலோகம் வழியாகப் போகும். கடையில் நடுவில் கீறலோடு வரும் பட்டைகள் இதற்காகத்தான்.

போர்டில் இரட்டைத் துடிப்பு வசதி இருந்தால் பயன்படுத்துங்க. முதலில் ஒரு குட்டித் துடிப்பு, பட்டையைச் செல்மேல் படியவைத்து அழுக்கை எரிக்கும். இரண்டாவதுதான் வெல்டு. ஒரே சீரான முடிவு கிடைக்க இது நிறைய உதவும்.

நிக்கல்னு சொல்லி இரும்பைக் கொடுத்தால்?

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பட்டைகளில் பல, நிக்கல் முலாம் பூசிய இரும்பு. ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்பதால் லோடு ஏறும்போது சூடாகும். ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியாது. நிக்கலும் காந்தத்தில் ஒட்டும்.

பட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் சுரண்டி, உப்புத் தண்ணீரில் ஒரு நாள் போட்டு வையுங்க. துரு வந்தால் இரும்பு. கிரைண்டரில் காட்டினால் இரும்பு நட்சத்திரம்போலப் பொறி பறக்கவிடும். நிக்கல் பெரிதாகப் பொறி விடாது.

8 மி.மீ அகலம், 0.15 மி.மீ கனமுள்ள சுத்த நிக்கல் பட்டை சுமார் 5 ஆம்ப்ஸை நிம்மதியாகத் தாங்கும். அதற்குமேல் போனால் இரட்டைப் பட்டை போடுங்க.

நல்ல செல்லைத் தொடும் முன்

18650 செல்லில் பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. பிளஸ் என்பது மேலே இருக்கும் அந்தச் சின்னப் பொட்டு மட்டும்தான். மற்றபடி உடம்பு முழுக்க, பிளஸ் பொட்டைச் சுற்றியிருக்கும் விளிம்பு உட்பட, மைனஸ். அதை மூடியிருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை. பட்டை கொஞ்சம் விலகி விளிம்பைத் தொட்டு, உறை உருகினால் நேரடி ஷார்ட். அதனால் பிளஸ் பக்கம் ஒவ்வொரு செல்லுக்கும் பார்லி பேப்பர் வளையம் ஒட்டிய பிறகே வெல்டு.

* லேப்டாப் பேக்கைப் பிரிக்கும்போது செல்லின் உடம்பில் ஸ்க்ரூடிரைவர் குத்தக் கூடாது. நசுங்கிய, துருப்பிடித்த, ஒரு மாதிரி இனிப்பு வாசனை வரும் செல்லை ஒதுக்கிவிடுங்க.

* 2 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லைச் சார்ஜ் ஏற்றி உயிர்ப்பிக்க முயல வேண்டாம்.

* பேரலலில் இணைக்கும் செல்களின் வோல்டேஜ் வித்தியாசம் 0.05 வோல்ட்டுக்குள் இருக்கணும். அதிகமாக இருந்தால் வெல்டு விழுந்த கணமே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கரன்ட் பாயும்.

* முழு சார்ஜில் வெல்டு போட வேண்டாம். 3.5 வோல்ட் பக்கம் இருக்கும்போது போடுங்க. ஏதாவது தவறினாலும் உள்ளே இருக்கும் ஆற்றல் குறைவு.

* லேப்டாப் செல்கள் மெதுவாகக் கரன்ட் கொடுக்கப் பழகியவை. லைட், ஸ்பீக்கருக்குச் சரி. டிரில், கிரைண்டருக்கு ஹை டிரெயின் வகை செல்தான் வேண்டும்.

* பி.எம்.எஸ் போர்டு இல்லாமல் எந்த பேக்கையும் சார்ஜில் போடாதீங்க. ஒவ்வொரு சீரிஸ் குழுவும் 4.2 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அதுதான்.

உங்களுக்கும் சில விதிகள். மோதிரம், காப்பு, வாட்ச் கழற்றி வையுங்க. 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால், பேட்டரி முனைகளுக்கு நடுவே மாட்டிய மோதிரம் நொடியில் பழுத்துவிடும். கண்ணாடி கட்டாயம். காட்டன் துணி அணியுங்க. நைலான், பாலியெஸ்டர் வேண்டாம். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வெல்டு போடாதீங்க. காற்றோட்டமான வராண்டா, மொட்டை மாடி நல்லது. பக்கத்தில் ஒரு பக்கெட் மணல் இருக்கட்டும். ஒரு செல் சூடாகி 'ஸ்ஸ்ஸ்'னு சத்தம் போட்டால் அதை மணலில் தள்ளிவிட்டு விலகிப் போங்க. அந்தப் புகையைச் சுவாசிக்காதீங்க. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வெல்டர் ஓடும் இடத்துக்கே வரக் கூடாது.

ஸ்கூட்டருக்கு வேண்டாம்

வெல்டர் தயார், கை பழகிவிட்டது என்றதும் அடுத்த ஆசை எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேட்டரியில் வரும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்க.

2022 மார்ச்சில் வேலூரில், இரவு வீட்டில் சார்ஜில் போட்டிருந்த எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறி ஒரு தந்தையும் மகளும் உயிரிழந்தார்கள். அது நிறுவனத் தயாரிப்பு. கையால் செய்த பேக் அல்ல. அந்த ஆண்டு நாட்டின் பல இடங்களில் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான், ஏ.ஐ.எஸ் 156 என்ற பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலிருந்து படிப்படியாக அமலுக்கு வந்தது. ஆய்வகச் சோதனைகளைத் தாண்டி வரவேண்டிய அந்த பேக்கை, வீட்டு மேஜையில் செய்து வண்டியில் மாட்டுவது சரியல்ல.

சிறிய பேக்குக்கும் இதே பாடம்தான். படுக்கையறையில், வாசல் கதவை மறிக்கும் இடத்தில், எல்லோரும் தூங்கிய பிறகு சார்ஜ் போட வேண்டாம். ஒதுக்கிவைத்த செல்களைக் குப்பைத்தொட்டியில் போடாதீங்க. முனைகளில் டேப் ஒட்டி, இ-வேஸ்ட் சேகரிப்பவர்களிடம் கொடுங்க. பயன்படுத்திய பேட்டரிகளைத் திரும்பப்பெறும் பொறுப்பை 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்திருக்கின்றன.

பேக் முடிந்ததும் உடனே பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டாம். கண் பார்வையில் முதல் சார்ஜ் போடுங்க. பாதி லோடில் ஓடவிட்டு, பத்து நிமிஷம் கழித்து கட் செய்து, ஒவ்வொரு வெல்டு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்க. மற்றதைவிட ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்த வெல்டு சரியில்லை. அதே இடத்தின்மேல் திரும்பப் போடாமல், பக்கத்தில் புதிய இடத்தில் போடுங்க. ஒரு வாரம் சும்மா வைத்துவிட்டு ஒவ்வொரு சீரிஸ் குழுவின் வோல்டேஜையும் அளந்து எழுதுங்க. ஒரு குழு மட்டும் தனியாக இறங்கியிருந்தால், அதில் ஒரு செல் உள்ளுக்குள்ளேயே கசிகிறது. பெட்டியை மூடும் முன் அதை மாற்றிவிடுங்க.